கட்டமெல்லாம் சரி, குழு மட்டும் தவறு: கடலூரில் ஒரு விண்ணப்பப் படிவம் பற்றிய நிகழ்வு ஆய்வு

கடலூர், புதுச்சேரிக் கடலோரக் குப்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தரும் ஓர் அறக்கட்டளை, தாளில் வாங்கிவந்த விண்ணப்பத்தை இணையப் படிவமாக மாற்றியது. படிவத்தை வேறு சிலர் ஆங்குலரில் (இணையச் செயலிகள் எழுத உதவும் நிரல் சட்டகம்) எழுதிக் கொடுத்திருந்தார்கள். பராமரிப்பு எங்களிடம் வந்தபோது அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரே ஒரு புகார்தான் திரும்பத் திரும்பப் பதிவாகியிருந்தது: "பட்டன் அமுங்கவில்லை."

இந்தப் படிவத்தை வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நிரப்புபவர்கள் குறைவு. கடலூர் மஞ்சக்குப்பத்திலோ முதுநகரிலோ உள்ள பிரௌசிங் சென்டரில்தான் பெரும்பாலும் நிரப்புகிறார்கள். இல்லாவிட்டால் அண்ணன், அக்காவின் செல்போனில். அப்படியொரு சென்டர் நடத்தும் அக்கா நிலைமையைத் தெளிவாகச் சொன்னார்: "தம்பி, ஒரு கட்டத்துலயும் சிவப்பு இல்ல. கீழ அனுப்புற பட்டன் மட்டும் வெளுத்துக் கெடக்குது. புள்ளைங்க வரிசையில நிக்குது. எதத் திருத்தணும்னு சொன்னா திருத்திடுவேன், அதத்தான் சொல்லவே மாட்டேங்குது."

அவர் சொன்னதிலேயே நோயின் அடையாளம் இருந்தது. ஒரு கட்டத்திலும் பிழை இல்லை, ஆனால் படிவம் செல்லாது. அப்படியானால் பிழை கட்டத்தில் இல்லை, கட்டங்களைச் சேர்த்து வைத்திருக்கும் குழுவில் இருக்கிறது.

பிழை எங்கே உட்கார்ந்திருந்தது

படிவத்தில் நான்கு பகுதிகள்: மாணவர் விவரம், முகவரி, பெற்றோர் தொடர்பு, வங்கிக் கணக்கு. ஆங்குலரின் ரியாக்டிவ் ஃபார்ம்ஸ் முறைப்படி ஒவ்வொரு பகுதியும் ஒரு ஃபார்ம்குரூப் (குழு), அதற்குள் ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃபார்ம்கன்ட்ரோல். வேலிடேட்டரை, அதாவது எழுதியது சரியா என்று பார்க்கும் சிறு நிரலை, இரண்டு இடத்திலும் மாட்டலாம். கட்டத்தில் மாட்டினால் அந்த ஒரு மதிப்பை மட்டும் பார்க்கும். குழுவில் மாட்டினால் உள்ளே இருக்கும் கட்டங்களைச் சேர்த்துப் பார்க்கும். சரியாக இருந்தால் நல் (ஒன்றுமில்லை) என்று திருப்பும். தவறாக இருந்தால் பிழையின் பெயரும் அதற்குரிய தகவலும் கொண்ட ஒரு பொருளை (ஆப்ஜெக்ட்) திருப்பும்.

குழுவின் வேலிடேட்டர் கண்டுபிடித்த பிழை குழுவின் எரர்ஸ் என்ற பிழைப் பதிவில்தான் சேரும், உள்ளே இருக்கும் கட்டத்தின் எரர்ஸில் சேராது. கட்டத்தின் பிழையும் குழுவின் எரர்ஸில் வந்து சேராது. குழுவின் நிலை மட்டும் செல்லாது என்று மாறும். ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போலத்தான் இது. பையன் ஜாதகத்திலும் குறையில்லை, பெண் ஜாதகத்திலும் குறையில்லை, பொருத்தம் மட்டும் இல்லை என்றால் அந்தக் குறையை இருவரில் ஒருவர் தலையில் எழுத முடியாது.

இந்தப் படிவத்தில் "கணக்கு எண்", "கணக்கு எண் மறுபடியும்" என்று இரண்டு கட்டங்கள். இரண்டும் ஒன்றா என்று பார்ப்பது வங்கிக் குழுவின் வேலிடேட்டர். அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. செய்தியை இரண்டாவது கட்டத்தின் கீழே மேட்-எரர் என்ற ஆங்குலர் மெட்டீரியல் (ஆங்குலருக்கான ஆயத்த உறுப்புத் தொகுப்பு) உறுப்பில் எழுதியிருந்தார்கள். மேட்-எரருக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது உட்கார்ந்திருக்கும் கட்டம் தானே செல்லாததாக இருந்து, பயனர் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்திருக்க வேண்டும், அல்லது படிவம் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் அது கண்ணில் படும். இங்கே கட்டம் தன்னளவில் செல்லுபடியானது. ஆகவே செய்தி உள்ளே எழுதப்பட்டிருந்தும் வெளியே வரவேயில்லை. பட்டனோ முழுப் படிவமும் செல்லுமா என்று பார்த்து வெளுத்துப்போனது. அக்கா பார்த்தது இதைத்தான்.

பாதி வைத்தியம் செய்த கெடுதல்

முன்பு எழுதியவர்கள் இதை ஓரிடத்தில் கவனித்திருக்கிறார்கள். வங்கியின் பெயரையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் ஒப்பிடும் இடத்தில், குழுவின் வேலிடேட்டருக்குள்ளிருந்தே ஐஎஃப்எஸ்சி கட்டத்தின் மீது செட்எரர்ஸ் என்ற கட்டளையை அழைத்துப் பிழையை ஒட்டியிருந்தார்கள். பொருந்தாவிட்டால் பிழை, பொருந்திவிட்டால் நல். செய்தி சிவப்பில் தெரிந்தது. வேலை முடிந்ததாக நினைத்திருக்க வேண்டும்.

செட்எரர்ஸ் ஏற்கனவே இருக்கும் பிழைகளோடு ஒன்றைச் சேர்ப்பதில்லை, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதியதை வைக்கிறது. ஐஎஃப்எஸ்சி என்பது 11 எழுத்துகள் கொண்டது: முதல் நான்கு வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறு கிளையைக் குறிப்பவை. இந்த அமைப்பைக் கட்டத்தின் சொந்த வேலிடேட்டர் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் இந்தியன் வங்கியைத் தேர்ந்து, ஐடிஐபி என்று தொடங்கிப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார் என்று வையுங்கள். கட்டத்தின் வேலிடேட்டர் முதலில் ஓடி "எழுத்துகள் போதாது" என்று பிழை வைக்கும். அடுத்த நொடி குழுவின் வேலிடேட்டர் ஓடும். முதல் நான்கு எழுத்துகள் வங்கியோடு பொருந்துவதால் நல் வைக்கும். அமைப்புப் பிழை துடைக்கப்படும். அரைகுறைக் குறியீட்டோடு படிவம் செல்லுபடியானது என்று ஆகிவிடும்.

பட்டன் அமுங்காத புகாரைவிட இதுதான் ஆபத்து. பட்டன் அமுங்காவிட்டால் ஆள் வந்து கேட்பார். அரைகுறைக் குறியீடு போனால், பணம் அனுப்பும் நாளில்தான் தெரியும். அதற்குள் கல்லூரிக் கட்டணத் தேதி தாண்டியிருக்கும்.

ஆகவே முதலில் ஒரு விதியை வைத்துக்கொண்டோம். குழுவின் வேலிடேட்டர் தன் பிழையைத் தானே திருப்ப வேண்டும். உள்ளே இருக்கும் கட்டங்களைத் தொடக்கூடாது. பிழை எங்கே இருக்கிறது என்பதற்கும் எங்கே தெரிகிறது என்பதற்கும் இடையில் முடிச்சுப் போட வேண்டியதில்லை. இருப்பது எப்போதும் குழுவில். தெரிவது, பயனர் கை வைத்துத் திருத்தக்கூடிய இடத்தில்.

காட்டுவதற்கு ஆங்குலர் மெட்டீரியலிலேயே எரர்ஸ்டேட்மேட்சர் என்ற கதவு இருக்கிறது. ஒரு கட்டம் எப்போது சிவப்பாக வேண்டும் என்று நாமே எழுதிக் கொடுக்கலாம். "இந்தக் கட்டம் செல்லாது, அல்லது இதன் தாய்க் குழுவில் இன்ன பெயருள்ள பிழை இருக்கிறது, இரண்டில் எதுவானாலும் பயனர் இந்தக் கட்டத்தைத் தொட்டிருக்க வேண்டும்" என்று சில வரிகளில் எழுதினோம். மேட்-எரருக்குள் கட்டத்தின் பிழைக்கு ஒரு செய்தி, குழுவின் பிழைக்கு ஒரு செய்தி. கட்டத்தின் சொந்தப் பிழை இருக்கும்வரை குழுவின் செய்தியைக் காட்டுவதில்லை. அரைகுறைக் குறியீட்டைப் பார்த்து "வங்கியோடு பொருந்தவில்லை" என்று சொல்வதில் யாருக்கும் பயனில்லை.

மூன்று குழுப்பிழை, மூன்று இடம்

கணக்கு எண் பொருந்தாவிட்டால் செய்தி இரண்டாவது கட்டத்தின் கீழே. இதில் யோசிக்க அதிகமில்லை, நேரம் மட்டும் பார்க்க வேண்டியிருந்தது. குழுவுக்குள் ஏதேனும் ஒரு கட்டத்தைத் தொட்டாலே முழுக் குழுவும் தொடப்பட்டதாக ஆங்குலர் எடுத்துக்கொள்கிறது. குழுவின் டச்டு நிலையை நம்பினால், முதல் கட்டத்தை முடித்து அடுத்ததற்கு விரலை வைக்கும் முன்பே "இரண்டும் ஒன்றாக இல்லை" என்று கத்தும். எழுதவே தொடங்காத ஒருவரைத் தவறு என்று சொல்வது முறையல்ல. இரண்டு கட்டங்களையும் தொட்ட பிறகே காட்டு என்று மாற்றினோம்.

ஐஎஃப்எஸ்சி பொருத்தத்தில் விஷயம் கொஞ்சம் ஆழமானது. பொதுத்துறை வங்கிகள் பல இணைந்துவிட்டன. சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று கனரா வங்கியோடு இணைந்தது; எஸ்ஒய்என்பி என்று தொடங்கும் அதன் பழைய குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாது. அதே 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியிலும் சேர்ந்தன. அதற்கு ஓராண்டு முன்பே விஜயா, தேனா இரண்டும் பாங்க் ஆஃப் பரோடாவுக்குப் போய்விட்டன. ஆனால் வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும் பாஸ்புக் பழையதுதான். அம்மா அதைத்தான் எடுத்து வருவார். பட்டியலில் கனரா என்று சரியாகத் தேர்ந்தெடுப்பார்கள். குறியீட்டை பாஸ்புக்கில் உள்ளபடி பிசகாமல் எழுதுவார்கள். எழுத்துகள் பதினொன்று, ஐந்தாவது பூஜ்யம், எல்லாம் சரி. குழுவாகப் பார்த்தால் செல்லாது.

இந்த இடத்தில் "தவறான குறியீடு" என்ற பொதுச் செய்தி அநியாயம். அவர்கள் தவறாக எழுதவில்லை. வேலிடேட்டர் திருப்பும் பிழைப் பொருளில் வெறும் ட்ரூ என்று வைக்காமல், எழுதிய முன்னொட்டு (முதல் நான்கு எழுத்துகள்) என்ன, தேர்ந்த வங்கி எது, முன்னொட்டு இணைந்துபோன வங்கிக்குரியதா என்று மூன்றையும் வைத்தோம். ஆங்குலரில் பிழையின் மதிப்பாக எதையும் வைக்கலாம். பலரும் பயன்படுத்தாமல் விடும் வசதி இது. செய்தி இப்படி ஆனது: "இது பழைய சிண்டிகேட் வங்கியின் குறியீடு. அந்த வங்கி இப்போது கனரா வங்கியோடு சேர்ந்துவிட்டது. உங்கள் கிளையில் புதிய குறியீட்டைக் கேட்டு இங்கே எழுதுங்கள்." அந்த அக்கா இதைப் பார்த்துவிட்டு, "இனிமே நானே சொல்லிடுவேன், திரும்ப அலைய வேண்டாம்" என்றார். செய்தியின் வேலை அதுதான்: அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்வது.

மூன்றாவது, பெற்றோர் தொடர்பு. அப்பா, அம்மா, பாதுகாவலர் என்று மூன்று செல்போன் எண்களுக்கு மூன்று கட்டங்கள்; ஒன்றாவது இருக்க வேண்டும். எதுவும் இல்லாவிட்டால் எந்தக் கட்டத்தைச் சிவப்பாக்குவது? முன்பு மூன்றையும் சிவப்பாக்கியிருந்தார்கள். அதைப் பார்ப்பவர் மூன்றையும் நிரப்ப வேண்டும் என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்பா இல்லாத வீட்டுப் பிள்ளை "அப்பாவின் எண்" என்ற சிவப்புக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். கடலை நம்பி வாழும் ஊர்களில் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. ஒரு நிறம் தேவையில்லாமல் ஒரு பிள்ளையைக் குத்துகிறது.

மூன்று கட்டங்களையும் இயல்பான நிறத்திலேயே விட்டோம். பகுதியின் தலைப்புக்குக் கீழே ஒரே வரி: "மூவரில் யாராவது ஒருவருடைய செல்போன் எண் போதும்." இந்த வரி தொடக்கத்திலிருந்தே சாதாரண நிறத்தில் இருக்கும், பட்டனை அழுத்தியும் மூன்றும் காலியாக இருந்தால் மட்டும் அதே வரி சிவப்பாகி "ஒரு எண்ணாவது வேண்டும்" என்று சேர்த்துச் சொல்லும். இந்தப் படிவத்தில் எனக்கு மிகவும் நிறைவளித்த மாற்றம் இது.

பிழையே அல்லாத பிழை

முகவரிக் குழுவில் மாநிலத்தையும் பின்கோடையும் ஒப்பிடும் ஒரு வேலிடேட்டர் இருந்தது. 605 என்றால் புதுச்சேரி, 607 என்றால் தமிழ்நாடு என்று முதல் மூன்று இலக்கத்தை வைத்து முடிவு செய்தது. சென்னையில் உட்கார்ந்து எழுதினால் இது நியாயமாகத் தெரியலாம். கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஒருமுறை போய் வந்தவர் எழுதமாட்டார்.

பாகூர் பக்கத்துப் பின்கோடு 607402. ஊர் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருக்கிறது, எண்ணோ கடலூரின் 607001 இருக்கும் வரிசையில் வருகிறது. மறுபுறம் விழுப்புரத்தின் பின்கோடு 605602, அது தமிழ்நாடு. காரைக்கால் 609602, அந்த 609 வரிசையில்தான் மயிலாடுதுறையும் வருகிறது. மாஹே 673310, கேரள வரிசை. ஏனாம் 533464, ஆந்திர வரிசை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை வேறு, தபால்துறையின் வட்டம் வேறு. முதல் மூன்று இலக்கத்தை வைத்துப் புதுச்சேரியைப் பிரிக்க வழியே இல்லை.

விளைவு, பாகூர் பக்கத்துப் பிள்ளைகள் உண்மையான முகவரியை எழுதினால் படிவம் மறுத்தது. சிலர் மாநிலத்தைத் தமிழ்நாடு என்று மாற்றி அனுப்பியிருந்தார்கள். படிவம் அவர்களைப் பொய் சொல்ல வைத்தது என்பதுதான் உண்மை. புதுச்சேரி இருப்பிடச் சான்றிதழும் தமிழ்நாடு முகவரியும் ஒன்றோடொன்று மோதியபோது அந்த விண்ணப்பங்கள் சரிபார்ப்பில் தேங்கின.

அந்த வேலிடேட்டரை எடுத்துவிட்டோம். ஆனால் மஞ்சக்குப்பத்துக்காரர் தவறி 605 என்று எழுதினால் யாராவது கேட்க வேண்டாமா என்றார் அறக்கட்டளை ஊழியர். அவர் கேட்டது சரி. ஆங்குலர் ஃபார்மில் எச்சரிக்கை என்று தனி வகை கிடையாது. வேலிடேட்டர் நல் தவிர வேறு எதைத் திருப்பினாலும் படிவம் செல்லாததாகும். அதனால் குழுவின் மதிப்பு மாறும்போது தனியாகக் கணக்கிட்டு, மஞ்சள் நிறத்தில் "பின்கோடும் மாநிலமும் சரிதானா என்று ஒருமுறை பாருங்கள்" என்று மட்டும் காட்டினோம். அது யாரையும் தடுக்காது. பாகூர்க்காரருக்கு இந்தக் கேள்வியும் தேவையில்லை என்பதால், 607402 போல எங்களுக்குத் தெரிந்த எல்லையோர எண்களை ஒரு விலக்குப் பட்டியலில் வைத்தோம்.

பட்டனும் பார்வையும்

பட்டனை வெளுத்துப்போகச் செய்வதை நிறுத்தினோம். எப்போதும் அழுத்தலாம். அழுத்தியதும் படிவம் செல்லாததாக இருந்தால் மார்க்ஆல்ஆஸ்டச்டு என்ற கட்டளை எல்லாக் கட்டங்களையும் தொட்டதாக ஆக்கும், மறைந்திருந்த செய்திகள் வெளிவரும், முதல் பிழைக்குத் திரை நகரும்.

இந்த நகர்த்தலில் ஒரு பொறி உண்டு. செல்லாத உறுப்புக்கு ஆங்குலர் இடும் என்ஜி-இன்வேலிட் என்ற வகுப்புள்ள முதல் உறுப்பைத் தேடி ஃபோகஸ் செய்வது (பயனரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது) வழக்கமான உத்தி. குழுக்கள் உள்ள படிவத்தில் அந்த வகுப்பு கட்டங்களுக்கு மட்டுமல்ல, குழுவைத் தாங்கும் ஃபீல்ட்செட்டுக்கும் வெளியே உள்ள ஃபார்முக்கும் விழும். பக்கம் முழுவதும் தேடினால் முதலில் கிடைப்பது ஃபார்மேதான். அது ஃபோகஸை ஏற்காது, எதுவும் நடக்காது. உள்ளீட்டுக் கட்டங்களையும், குழுச் செய்தி வரிகளையும் மட்டும் பக்க வரிசையில் தேடும்படி எழுதி, செய்தி வரியும் ஃபோகஸை ஏற்கும்படி அதற்கு டேப்இண்டெக்ஸ் மைனஸ் ஒன்று கொடுத்தோம். பிழை குழுவில் இருந்தாலும் போய் நிற்க ஓர் இடம் கிடைத்தது.

ஃபீல்ட்செட்டை நம்பி பிரௌசரின் சொந்தச் சரிபார்ப்பை எடுக்கலாமா என்றும் பார்த்தோம். எச்டிஎம்எல் விதிப்படி ஃபீல்ட்செட் சரிபார்ப்புக்கு உட்படாத உறுப்பு. அதன் மீது செட்கஸ்டம்வேலிடிட்டி (பிரௌசருக்கு நாமே பிழை சொல்லும் கட்டளை) அழைத்தாலும் அனுப்புவதைத் தடுக்காது. ஆனாலும் ஃபீல்ட்செட், அதன் தலைப்பான லெஜண்ட் இரண்டும் வேண்டும். திரையைப் பார்க்க முடியாதவர் டாக்பேக் (திரையை வாசித்துச் சொல்லும் செயலி) வைத்து நிரப்பும்போது, எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்று சொல்வது லெஜண்ட்தான். குழுச் செய்தியின் ஐடியை அந்தந்தக் கட்டத்தின் விளக்கம் எது என்று அந்தச் செயலிக்குக் காட்டும் ஏரியா-டிஸ்கிரைப்டுபையில் சேர்த்தோம். நிறத்தை மட்டும் நம்பாமல் பிழையை எழுத்தால் சொல் என்ற டபிள்யூசிஏஜி (இணைய அணுகல்தன்மை வழிகாட்டி) 3.3.1 விதியும் இதையே கேட்கிறது.

தமிழில் எழுதியதால் வந்த சிக்கலும் ஒன்று. செய்திகள் இரண்டு மூன்று வரி நீளும். மெட்டீரியலில் கட்டத்தின் கீழே ஒரு வரிக்குத்தான் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். மீதி அடுத்த கட்டத்தின் மேல் ஏறி உட்காரும். 15ஆம் பதிப்பிலிருந்து சப்ஸ்கிரிப்ட்சைசிங் என்ற அமைப்பை டைனமிக் என்று வைத்தால் இடம் தானே விரியும். சின்னச் செல்போன்களில் இது இல்லாமல் படிக்கவே முடியாது.

சர்வரிலிருந்து வரும் பிழைகள்

ஒரு மாணவர் ஏற்கனவே விண்ணப்பித்திருக்கிறாரா என்பது போன்றவை சர்வருக்குத்தான் தெரியும். அங்கிருந்து வரும் பதிலில் எந்தக் குழு, எந்தக் கட்டம் என்ற பாதையைப் புள்ளி வைத்து எழுதி வாங்கினோம். ஃபார்மின் கெட் என்ற கட்டளை அந்தப் பாதையை அப்படியே ஏற்றுக்கொள்ளும். இங்கே மட்டும் செட்எரர்ஸ் பயன்படுத்தினோம். கட்டத்தில் ஒரு எழுத்தை மாற்றியதும் அந்தப் பிழை துடைந்துபோகும், சர்வர் சொன்ன பழைய குறைக்கு அதுதான் பொருத்தம். முன்பு கெடுதல் செய்த அதே செட்எரர்ஸ் இங்கே நன்மை. பிழை குழுவுக்குரியது என்றால் குழுவின் மீதே வைத்தோம். உள்ளே எந்தக் கட்டம் மாறினாலும் போய்விடும்.

மாற்றங்கள் போன பிறகு வந்த விண்ணப்பங்களில் அரைகுறை ஐஎஃப்எஸ்சி எதுவும் வரவில்லை. "பட்டன் அமுங்கவில்லை" என்ற அழைப்பும் நின்றது. அதற்குப் பதிலாக இப்போது வரும் அழைப்புகள், புதிய குறியீடு கிளையில் கிடைக்குமா, பாதுகாவலர் என்று பாட்டி எண்ணைக் கொடுக்கலாமா என்பவை. இரண்டுக்கும் பதில் ஆமாம்.

அடுத்த பருவத்துக்கு ஒரு வேலை மீதமிருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே விண்ணப்பத்தில் சேர வேண்டும் என்று அறக்கட்டளை கேட்டிருக்கிறது. அது ஃபார்ம்அரே (குழுக்களின் வரிசை), ஒவ்வொரு பிள்ளையும் ஒரு குழு. ஒரே பதிவெண்ணை இரண்டு பிள்ளைகளுக்கு எழுதிவிட்டால், அந்தப் பிழை எந்தக் குழுவுக்கும் சொந்தமில்லை, குழுக்களின் வரிசைக்குச் சொந்தம். வேலிடேட்டர் எந்தெந்த வரிசை எண்கள் மோதுகின்றன என்று திருப்பும். செய்தியில் "இரண்டாவது பிள்ளைக்கும்" என்று எண்ணைச் சொல்லாமல், நிரப்பியிருக்கும் பெயரையே எடுத்துப் போட்டுச் சொல்லப்போகிறோம்.